வேண்டாம் என்று சொன்ன காப்பி

நான் என்ன படிக்கிறேன் என்று என் வீட்டில் யாருக்கும் கடைசி வரைக்கும் புரியவில்லை. எனக்கே முழுசாகப் புரிந்திருந்ததா என்று இப்போது கேட்டால், சந்தேகம்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் பக்கத்துப் பெண் ஒருத்தி பி.காம். முடித்தால் பேங்க் பரீட்சை எழுதுவாள், இல்லாவிட்டால் கல்யாணம் பண்ணிக்கொள்வாள். நான் கோயமுத்தூரில் ஒரு கல்லூரியில் எம்.எஸ்.டபிள்யூ. சேர்ந்தேன். சமூகப் பணியில் முதுநிலைப் பட்டம். இரண்டாம் வருஷம் மருத்துவப் பிரிவை எடுத்துக்கொண்டேன், அதில் கவுன்சலிங்குக்குத் தனியாக ஒரு பேப்பர். துடியலூரில் எங்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு. சொந்தத்தில் மில் வைத்திருந்தவர்கள் இருந்தார்கள். அப்பா அவர்களில் ஒருவருடைய மில்லில் ஸ்டோர்ஸ் பார்த்தார். ஒரு கல்யாணப் பந்தியில் சித்தப்பா என்னைப் பிடித்துக்கொண்டு, "ஏன் கண்ணு, அடுத்தவங்களுக்குப் புத்தி சொல்றதுக்கு ரெண்டு வருசம் படிக்கோணுமா? உங்க அத்தை படிக்காமயே சொல்லிக்கிட்டு இருக்கறாளே" என்றார். தெலுங்கில்தான் கேட்டார், தமிழில் அது இப்படி வரும். பந்தியே சிரித்தது. புத்தி சொல்லக் கூடாது என்பதுதான் எங்களுக்கு முதல் பாடம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் இன்னும் பலமாகச் சிரித்திருப்பார்கள். ரசத்தைக் குடித்தேன்.

சிரித்தவர்கள் மேல் வந்த எரிச்சலைவிடப் புத்தகங்கள் மேல் வந்த எரிச்சல் அதிகம். எல்லாம் அமெரிக்கப் புத்தகங்கள். அதில் வருகிற கிளையண்ட் முன்கூட்டியே நேரம் வாங்கிக்கொண்டு காரில் வருவார். மெத்தை வைத்த நாற்காலியில் உட்காருவார். தன் மனசில் இருப்பதைத் தானே கோர்வையாகச் சொல்வார், ஐம்பது நிமிஷம் முடிந்ததும் நன்றி சொல்லிக் கிளம்புவார். எங்கள் கிளையண்டுகள் டவுன் பஸ்ஸில் வந்தார்கள். எங்களிடம் யாரும் நேரம் வாங்கவில்லை, மருந்துச் சீட்டு வாங்கும் ஜன்னலில்தான் காத்து நின்றார்கள். மனசில் இருப்பதைக் கேட்டால், "அதெல்லாம் என்னத்தீங்க சொல்றது" என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார்கள். இதற்கு என்ன செய்வது என்று அந்தப் புத்தகங்களில் ஒரு பக்கமும் இல்லை.

செவ்வாயும் வியாழனும் களப்பணி. நாங்கள் ஃபீல்ட்வொர்க் என்போம். அன்றைக்குக் காட்டன் சேலை கட்டாயம். என்னை ஒரு தர்ம ஆஸ்பத்திரியின் டிபி பிரிவில் போட்டிருந்தார்கள். மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்ட நோயாளிகளின் பட்டியலைக் கையில் கொடுத்து, வீடு தேடிப் போய்ப் பேசி, மறுபடி மாத்திரை எடுக்க வைக்க வேண்டும் என்றார்கள். போய்ப் பேசிவிட்டு வந்தால் போதாது. அதை ஒரு பெரிய நோட்டில் எழுத வேண்டும். பக்கத்தை மூன்று பத்தியாகக் கோடு போட்டுப் பிரித்திருக்கும். முதல் பத்தியில் அவர்கள் பேசியதும் நான் பேசியதும், ஒரு வார்த்தை விடாமல். இரண்டாவதில் அப்போது நான் என்ன நினைத்தேன், எப்படி உணர்ந்தேன். மூன்றாவது பத்தியைக் காலியாக விட வேண்டும், அது எங்கள் சூபர்வைசர் மேடத்தின் சிவப்புப் பேனாவுக்கு. பேச்செல்லாம் கொங்குத் தமிழில், எழுதுவதெல்லாம் இங்கிலீஷில். ஒவ்வொரு சந்திப்புக்கும் பத்துக்கு மார்க். ஃபீல்ட்வொர்க்கில் பாஸாகாவிட்டால் மற்ற எல்லாப் பேப்பரிலும் முதல் வகுப்பு வாங்கினாலும் பட்டம் கிடையாது.

என் பட்டியலில் இருந்தவர்களில் ஒருவரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். மதுக்கரைக்காரர். முப்பது வயது இருக்கும். நோட்டில் கிளையண்ட் என்று எழுதினேன், நேரில் அக்கா என்று கூப்பிட்டேன். கல் உடைக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். புருஷன் லாரியில் லோடு ஏற்றுபவர். பள்ளிக்கூடம் போகிற பெண் குழந்தைகள் இரண்டு. இரண்டு மாதம் மாத்திரை சாப்பிட்டுவிட்டு நிறுத்திவிட்டார். அவரை மறுபடி சாப்பிட வைக்காவிட்டால் என்ன ஆகும் என்று டாக்டர் என்னிடம் சுற்றி வளைக்காமல் சொல்லியிருந்தார்: "ரெண்டு வருஷம் தாங்கினா அதிகம்."

அக்டோபரில் முதல் தடவை போனேன். செடி கொடி எல்லாம் சிமெண்ட் ஆலையின் வெள்ளைப் புழுதி. ஊரைத் தாண்டித் தள்ளியிருந்தது காலனி. ஊருக்குள் இடம் கொடுக்கப்படாதவர்கள் இருக்கிற காலனி. எங்கள் சாதிக்காரர்கள் அந்த வீடுகளில் கை நனைப்பதில்லை. எனக்கு நினைவு தெரிந்து எங்கள் வீட்டில் யாரும் அப்படி ஒரு வாசலை மிதித்ததுகூட இல்லை. ஒரே அறை, ஓட்டு வீடு, தரை மெழுகிச் சுத்தமாக இருந்தது.

"வாங்க அம்மணி, உக்காருங்க" என்று பாயை உதறிப் போட்டார். நான் ஆஸ்பத்திரியிலிருந்து வருவதாகச் சொன்னதும் முகம் சுருங்கியது. திட்ட வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

சுவரோரப் பலகையில் மற்ற பாத்திரங்களிலிருந்து விலகி ஒரு எவர்சில்வர் டம்ளர் தனியாக இருந்தது. விளிம்புக்குக் கீழே ஆணியால் பெருக்கல் குறி கீறியிருந்தது. "அது என்னுதுங்க. கொழந்தைங்க எடுத்துரக் கூடாதுன்னு குறி போட்டு வெச்சிருக்கறேன்" என்றார்.

இது எனக்குத் தெரிந்த பாடம். உற்சாகமாக ஆரம்பித்துவிட்டேன். "டம்ளர்ல எல்லாம் ஒட்டாதுங்கக்கா. இருமறப்பக் காத்துலதான் பரவும். வாயைத் துணியால மூடிக்கிட்டு இருமுனாப் போதும். தனி டம்ளர் வேண்டியதே இல்லீங்க."

"அப்படீங்களா" என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். டம்ளர் இருந்த இடத்தை மாற்றவில்லை.

பிறகு அடுப்பைப் பற்ற வைத்து, வெல்லம் போட்டுப் பால் இல்லாத வரக்காப்பி வைத்தார். வீட்டிலிருந்த ஒரே கண்ணாடி டம்ளரில் ஊற்றி இரண்டு கையாலும் நீட்டினார். நான் உடனே வாங்கவில்லை. நோய்க்குப் பயந்தேன் என்று சொல்லிக்கொண்டால் கௌரவமாக இருக்கும். அது மட்டும் இல்லை. இருபத்தொரு வருஷமாக வீட்டில் பார்த்துப் பழகியதெல்லாம் என் கையைப் பிடித்து இழுத்தது. அதற்காக என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது, அந்தக் கோபத்தில் வாங்கிக் குடித்தேன். வாய் வெந்துவிட்டது.

காலி டம்ளரை வாங்கிக்கொண்ட பிறகுதான் அவர் எனக்கு நேர் எதிரே தரையில் உட்கார்ந்தார். பேசினார். மாத்திரை போட்டால் நெஞ்சு எரிகிறது, தலை சுற்றுகிறது, வெயிலில் நின்று கல் உடைக்க முடியவில்லை. "இருமல் நின்னு போச்சுங்க. அப்பறம் எதுக்கு இந்தச் சீரழிவுன்னு உட்டுப்போட்டேன்." இருமல் நின்றாலும் நோய் உள்ளே இருக்கும் என்று சொன்னேன். சாப்பிட்டுவிட்டு மாத்திரை போட்டால் எரிச்சல் குறையும் என்றேன். "வியாழக்கிழமை வாரேனுங்க" என்றார். வியாழக்கிழமை வந்து மாத்திரை வாங்கிப் போனார். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை.

முதல் தடவை போன அன்றைக்கே, மதுக்கரை போய் வந்தேன் என்று தெரிந்ததும் அம்மா என்னை முன்வாசல் வழியாக விடவில்லை. "பொடக்காலில தண்ணி வெச்சிருக்கறேன். குளிச்சுப்போட்டு உள்ள வா" என்றாள். ஆஸ்பத்திரிக் கிருமி என்று காரணம் சொன்னாள். ஆஸ்பத்திரிக்கு மட்டும் போய்விட்டு வந்த நாட்களில் கொல்லைப்பக்கப் பொடக்காலியில் தண்ணீர் இருந்ததில்லை. அது தெரிந்தும் நான் குளித்துவிட்டுத்தான் உள்ளே போனேன்.

அன்று இரவே நோட்டில் எழுதினேன். காப்பி கொடுத்தது, நான் தயங்கியது, குடித்தது, அதன் பிறகு அவர் உட்கார்ந்து பேசியது. இரண்டாம் பத்தியில் ஒளிக்காமல் எல்லாவற்றையும் கொட்டினேன். உண்மையை எழுதினால் மார்க் என்று நம்பியிருந்தேன்.

சனிக்கிழமைகளில் மேடம் ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு நோட்டைப் பற்றிப் பேசுவார். நோட்டைத் திறந்தால் காப்பியைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். பத்துக்கு நாலு.

"நீங்க அங்க விருந்தாளியாவா போனீங்க?" என்றார். மேடத்துக்குத் தஞ்சாவூர்ப் பக்கம். சிரித்துக்கொண்டே கேட்டால் இன்னும் பயமாக இருக்கும். "கிளையண்ட்கிட்ட எதையும் வாங்கிச் சாப்பிடக் கூடாதுன்னு முதல் செமஸ்டர்லயே படிச்சிருக்கோம். இன்னிக்குக் காப்பி. நாளைக்குக் கோழி அடிப்பாங்க. அதுக்கப்புறம் உங்களால கண்டிப்பா ஒரு வார்த்தை பேச முடியாது."

"குடிச்சதுக்கப்புறம்தான் மேடம் அவங்க பேசவே ஆரம்பிச்சாங்க."

"அது உங்க திறமைல பேச வைக்கணும். காப்பில இல்ல."

இந்த விதி தப்பு என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. போன வருஷம் ஒரு மாணவி ஒரு வீட்டில் தினமும் சாப்பிட்டுப் பழகி, கடைசியில் அந்த வீட்டு மாமியார் மருமகள் சண்டையில் இழுபட்டுக் கல்லூரி வரைக்கும் பஞ்சாயத்து வந்த கதையை மேடம் சொன்னார். அது நிஜம்தான், எங்களுக்கெல்லாம் தெரியும். அடுத்த தடவை பணிவாக மறுத்துப் பாருங்கள் என்று சொல்லி நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

மறுத்தேன். பதினைந்து நாள் கழித்து இரண்டாம் தடவை போனபோது அதே பாய், அதே கண்ணாடி டம்ளர், அதே வெல்லக் காப்பி.

"வேண்டாங்கக்கா" என்றேன்.

"சூடா இருக்குதுங்களா? ஆத்தித் தாரனுங்க."

"இல்லீங்கக்கா, எங்க படிப்புல குடிக்கக் கூடாதுங்க. சட்டம் அப்படி."

நீட்டிய கையை அவர் இழுத்துக்கொண்டார். பிறகு, "சரிங்க அம்மணி" என்று சொல்லி டம்ளரை உள்பக்கமாக வைத்தார். என் எதிரே உட்காரவில்லை, கதவில் சாய்ந்துகொண்டு நின்றார். நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். மாத்திரையை விடாமல் சாப்பிட வேண்டும். "சரிங்க." சாப்பாட்டுக்குப் பிறகு. "சரிங்க." முட்டை, கீரை சேர்க்க வேண்டும். "ஆகட்டுங்க." எதிர்த்து ஒரு வார்த்தை இல்லை, நெஞ்செரிச்சல் என்ற புகார்கூட இல்லை. எவ்வளவு ஒத்துழைக்கிறார் என்று எழுதினேன். பத்துக்கு எட்டு வந்தது. மூன்றாம் பத்தியில், நல்ல முன்னேற்றம் என்று சிவப்பில் எழுதி அடிக்கோடு போட்டிருந்தார் மேடம்.

இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள் நான். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போய் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்தால் என்ன அர்த்தம் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். அதுவும் என் மாதிரி ஒருத்தி அந்தக் காலனியில் வேண்டாம் என்றால் அதற்கு வேறு காரணம் யாரும் தேட மாட்டார்கள். கோபம் வந்தால் எங்கள் ஊர்க்காரர்கள் கத்த மாட்டார்கள், மரியாதை கூடிவிடும். இத்தனையும் எனக்குத் தெரியும். தெரிந்தும், எட்டு மார்க்கைப் பார்த்து இளித்துக்கொண்டு பஸ் ஏறினேன். இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

மூன்றாம் தடவை வாசலிலேயே நின்று பேசினார். பாய் விரிக்கவில்லை. அடுப்பு பற்றவில்லை. "மாத்திரை சாப்பிடறீங்களாக்கா?" "சாப்பிடறனுங்க." காலி அட்டையைக்கூடக் கொண்டுவந்து காட்டினார். நானும் எழுதிக்கொண்டேன்.

டிசம்பர் கடைசியில் சளிப் பரிசோதனை முடிவு வந்தது. கிருமி அப்படியே இருந்தது. எடை இரண்டு கிலோ குறைந்திருந்தது. டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "ஒழுங்கா சாப்பிடறாங்கன்னு எழுதியிருக்கீங்களே, எதை வச்சு எழுதினீங்க?" என்றார்.

"கேட்டேன் டாக்டர். சாப்பிடறேன்னு சொன்னாங்க."

"அந்தச் சிவப்பு மாத்திரை போட்டா சிறுநீர் சிவப்பாப் போகும். அதைக் கேட்டீங்களா?"

கேட்கவில்லை. எனக்கு அதைக் கேட்கக் கூச்சம். கேள்வி கேட்பது எப்படி என்று ஒரு பேப்பர் முழுக்கப் படித்தவள், கேட்க வேண்டிய ஒரே கேள்வியைக் கேட்கவில்லை. வரிசையில் நின்றவர்கள் முன்னால் டாக்டர் திட்டினார். அழக் கூடாது என்று சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றேன்.

அன்றைக்கே மதுக்கரை போனேன். வீடு பூட்டியிருந்தது. குழாயடியில் பக்கத்து வீட்டு அம்மா குடத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் யார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"ஏனுங்க அம்மணி, தேடியா வந்தீங்க? வேலைக்குப் போயிட்டாளுங்க."

"ஒடம்பு இப்படி இருக்கறப்ப வேலைக்கா? மாத்திரை சாப்பிடறாங்களா இல்லீங்களா, உண்மையச் சொல்லுங்க."

அவர் குடத்தைக் கவிழ்த்து வைத்தார். "கோவிச்சுக்காதீங்க. மாத்திரையெல்லாம் பிரிச்சு அரிசி டின்னுக்குப் பொறத்தால ஒரு டப்பாவுல போட்டு வெச்சிருக்கறா. மொதத் தடவை வந்தப்பக் காப்பி குடிச்சீங்களாமா. காலனி பூராச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாளுங்க. அப்பறம் குடிக்க மாட்டேன்னுட்டீங்களாமா. அவங்க ஊட்டுல ஏதோ சொல்லிப்போட்டாங்க போலன்னாளுங்க. நாங் குடுத்தத அவங்க வாயில வெக்கல, அவங்க குடுக்கறத மட்டும் நான் வாயில வெக்கோணுமான்னு கேக்கறாளுங்க. நான் என்னத்தச் சொல்றது?"

என் வீட்டில் ஏதோ சொல்லிவிட்டார்கள் என்று அக்கா நினைத்துக்கொண்டாரே, அதுதான் என்னைக் கொன்றது. பொடக்காலியில் வைத்த தண்ணீரை அவர் பார்த்ததில்லை. பார்க்காமலே சரியாகச் சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை மேடத்திடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். முதல் தடவையாகக் குரல் உயர்ந்தது. "இந்தப் புத்தகத்தை எழுதினவங்க யாருக்காவது மதுக்கரை தெரியுமா மேடம்? அங்க காப்பி வேண்டாம்னா காப்பி மட்டும் வேண்டாம்னு யாரும் எடுத்துக்க மாட்டாங்க."

மேடம் சிவப்புப் பேனாவை மூடி வைத்தார். அவர் கெட்டவர் இல்லை, அதுதான் கஷ்டம். "எனக்குப் புரியுது" என்றார். "ஆனா வைவாவுக்கு வெளியிலேர்ந்து ஒருத்தர் வந்து இந்த நோட்டைப் படிப்பார். விதியை மீறினேன்னு நீங்களே எழுதி வச்சிருந்தா அவர் ஃபெயில் போடுவார். நான் பக்கத்துல உக்காந்து பாத்துட்டுத்தான் இருக்கணும். உங்க உணர்வை ரெண்டாவது பத்தியில எழுதுங்க. குடிச்சேன்னு முதல் பத்தியில எழுதாதீங்க."

குடிக்காதே என்று சொல்லவில்லை என்பதைக் கவனித்தேன். எழுதாதே என்றுதான் சொன்னார். அல்லது எனக்கு வசதியாக அப்படி எடுத்துக்கொண்டேன்.

ஜனவரியில், பொங்கல் லீவு முடிந்த முதல் செவ்வாய், போனேன். அக்கா வீட்டில் இருந்தார், வேலைக்குப் போகும் தெம்பு இல்லை. கன்னம் ஒட்டியிருந்தது. வாசலில் நின்று, "வாங்க அம்மணி" என்றார். நான் அவரைத் தாண்டி உள்ளே போய் வெறும் தரையில் உட்கார்ந்தேன்.

"ஒரு காப்பி குடுங்கக்கா."

"காப்பித்தூள் தீந்துபோச்சுங்க."

"தண்ணி குடுங்க."

"உங்க படிப்புல கூடாதுன்னீங்களே அம்மணி" என்றார். கிண்டல் துளியும் இல்லை. அவ்வளவு மரியாதை. அறைந்திருக்கலாம்.

"படிப்பு கெடக்குதுங்கக்கா. குடுங்க."

பலகையைப் பார்த்தார். கண்ணாடி டம்ளர் அங்கேதான் இருந்தது. அதை விட்டுவிட்டு, பெருக்கல் குறி போட்ட தன் எவர்சில்வர் டம்ளரை எடுத்து, குடத்தில் தண்ணீர் மொண்டு, என் முன்னால் தரையில் வைத்தார். கையில் கொடுக்கவில்லை. வைத்துவிட்டுக் கதவோரம் போய் நின்றுகொண்டார்.

டம்ளரில் ஒட்டாது என்று அந்த வீட்டில் உட்கார்ந்து சொன்னவள் நான்தான். காற்றில்தான் பரவும் என்று விளக்கியவளும் நான்தான். பரீட்சையில் அதற்குப் பத்து மார்க் பதில் எழுதி முழு மார்க் வாங்கியிருக்கிறேன். ஆனாலும் கை உடனே நீளவில்லை. அந்தக் கீறலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது, அவர் பார்க்கும் அளவுக்கு நேரம் ஆனது. எடுத்து, வாய் வைத்து, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தேன்.

"வேணும்னுதானுங்க அதுல குடுத்தேன்" என்றார்.

"தெரியுதுங்கக்கா. முன்ன வேண்டாம்னது என் தப்புங்க. ஊட்டுல யாரும் சொல்லல. மார்க்குக்குப் பயந்து சொன்னேன்."

"மார்க்குக்குங்களா?" என்று நம்ப முடியாமல் கேட்டார். நான் அந்த நோட்டைப் பற்றியும் சிவப்பு வட்டத்தைப் பற்றியும் சொன்னேன். ஒரு காப்பிக்கு ஆறு மார்க் போனதைச் சொன்னதும் அவருக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்பு இருமலாகியது, இருமல் அடங்க நேரம் பிடித்தது. வாயைத் துணியால் மூடிக்கொண்டுதான் இருமினார். அடங்கியதும் அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து டப்பாவை எடுத்து என் மடியில் வைத்தார். இரண்டு மாத மாத்திரை, அப்படியே.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வந்தார். டாக்டர் முதலிலிருந்து ஆரம்பித்தார், முழுசாக எட்டு மாதம். அதன் பிறகு ஒவ்வொரு தடவை போகும்போதும் காப்பி குடித்தேன். சிறுநீர் எந்த நிறம் என்று வெட்கமில்லாமல் கேட்டேன். நெஞ்செரிச்சல் தாங்கவில்லை என்று என்னைத் திட்டிக்கொண்டே மாத்திரை போட்டார். அவர் திட்டினால் எனக்கு நிம்மதியாக இருக்கும். ஏப்ரலில் எடை மூன்று கிலோ கூடியிருந்தது.

நோட்டில் மட்டும் வேறு எழுதினேன், சிவப்பு வட்டம் போட்ட பக்கத்தைக் கிழித்துவிட்டு. "கிளையண்ட் காப்பி தர முன்வந்தார். பணியாளர் தன் பொறுப்பை விளக்கிப் பணிவாக மறுத்தார். கிளையண்ட் அதைப் புரிந்துகொண்டார். நல்லுறவு வளர்ந்தது." நல்ல இங்கிலீஷில், ஒவ்வொரு சந்திப்புக்கும். ஒன்பதுக்குக் குறைந்து வரவில்லை. வைவாவுக்கு வந்தவர் அந்தப் பக்கங்களைப் படித்துவிட்டு, "இப்படித்தான் எழுத வேண்டும்" என்று மேடத்திடம் சொன்னாராம். பொய்தான். ஆனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன். அக்கா மாத்திரை சாப்பிடுகிறார், எனக்குப் பட்டம் வருகிறது. நன்றாக எழுதியிருந்ததால் நோட்டை டிபார்ட்மெண்ட் அலமாரியில் வைத்துக்கொண்டார்கள்.

ஜூலையில் மார்க் ஷீட் வாங்கக் கல்லூரிக்குப் போனேன். ஃபீல்ட்வொர்க்கில் வகுப்பிலேயே முதல் மார்க். வராந்தாவில் ஒரு ஜூனியர் பெண் ஓடிவந்தாள். டிபி பிரிவில் என் இடத்தில் இப்போது அவளைப் போட்டிருக்கிறார்கள். கையில் அவளுடைய நோட்டும், அதற்கடியில் என்னுடைய பழைய நோட்டும்.

"அக்கா, உங்க மதுக்கரை கேஸ் இப்ப எங்கிட்டதானுங்க. உங்க நோட்டைப் படிச்சுட்டுத்தான் போனேன். மொத நாளே காப்பி வெச்சுக் குடுத்தாங்க. நீங்க எழுதியிருந்த மாதிரியே பணிவா வேண்டாம்னு சொல்லிட்டேனுங்க."

"அப்பறம்?"

"ஒண்ணும் வருத்தப்படலீங்கக்கா. என்ன சொன்னாலும் சரிங்க, சரிங்கன்னாங்க. மேடம் எட்டு மார்க் போட்டாங்க."

"அப்பறம் போனியா?"

"போன வாரம் போனேனுங்க. வாசல்லயே நின்னு பேசுனாங்க. ஆனா ரொம்ப மரியாதையாப் பேசுனாங்கக்கா."

ஜனவரிக்குப் பிறகு நான் அங்கே போன நாளெல்லாம் காப்பி குடித்தேன் என்று அவளிடம் சொன்னேன். ஒரு நாள் அவருடைய டம்ளரிலேயே தண்ணீர் குடித்தேன் என்றும் சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை. என் நோட்டைப் பிரித்து, மனப்பாடம் செய்வதற்காகப் பென்சிலால் அடிக்கோடு போட்டு வைத்திருந்த வரிகளைத் தேடி எடுத்தாள்.

"அப்ப இது என்னங்கக்கா?" என்று என் கையெழுத்தின் மேல் விரலை வைத்துக் கேட்டாள்.